பட்டறைப் பக்கம்: உள்ளே போகிற காற்றின் சூட்டை யாரிடம் கேட்பது?

சென்ற முறை பிரேக் எண்ணெயைப் பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்கள் மேசை மேல் குவிந்து கிடக்கின்றன. அவற்றுக்குப் பதில் அடுத்த இதழில். இந்த மாதம் என் பட்டறையிலேயே நடந்த ஒரு சங்கதியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதில் பாதிப் பிழை என்னுடையது என்பதால் முன்கூட்டியே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

சுங்கை சிப்புட் பக்கத்தில் தோட்டத்து லாரி ஓட்டி ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் இருக்கிறார். நான் அரைக்கால் சட்டையோடு பால் ஸ்டோரில் எடுபிடியாக நின்ற காலத்திலிருந்தே பழக்கம். அவரிடம் ஒரு பழைய புரோட்டோன் சாகா. 1985ஆம் ஆண்டு ஜூலையில் நம் நாட்டின் முதல் காராக வெளிவந்ததே, அந்த வகைதான். அவருடையது அதற்குச் சில ஆண்டுகள் கழித்து வந்தது. அண்ணிக்குச் சிறுநீரகம் பழுது. வாரத்தில் மூன்று நாள் ஈப்போவுக்குப் போய் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம் நாற்காலியில். போக ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர், வர முப்பது. இந்தக் கார் ஒரு நாள் படுத்தால் மறு நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட முடியாத குடும்பம் அது.

கார்புரேட்டர் தேய்ந்து போய்விட்டது. நல்ல சாமான் கிடைப்பது வரவர அரிதாகிவிட்டது. என் தங்கை மகன் பாலிடெக்னிக்கில் படித்துவிட்டு என்னோடுதான் இருக்கிறான். "மாமா, வீராவில் வந்த 4ஜி15 எஞ்சினை இன்ஜெக்ஷனோடு தூக்கி வைத்துவிடலாம். கம்ப்யூட்டரை நானே வாங்கி டியூன் பண்ணிக் கொடுக்கிறேன்" என்றான். அண்ணன் மகள் பினாங்கிலிருந்து பணம் அனுப்பினாள். வேலை முடிந்தது. பகலில் பட்டறையில் ஆள் நெருக்கம். எனவே பையன் இரவு எட்டு மணிக்கு மேல் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, காலிச் சாலையில் என்னை ஓட்டச் சொல்லி, எண்களைத் திருத்திக்கொண்டே வந்தான். குளிர்ந்த காற்றில் எஞ்சின் வீணை மாதிரி பேசியது. எனக்கே பெருமையாக இருந்தது.

இரண்டாவது வாரம் அண்ணனிடமிருந்து போன். சிகிச்சை முடிந்து திரும்பும் வழியில் மருந்துக் கடையில் இருபது நிமிடம் நிறுத்தியிருக்கிறார். திரும்ப வந்து ஸ்டார்ட் செய்தால் பிடிக்கிறது, ஆனால் நடுங்குகிறது. சந்தியில் பச்சை விளக்கு விழுந்து எண்ணெயை மிதித்ததும் அப்படியே அணைந்துவிட்டது. பின்னால் வந்த லாரி கீச்சென்று பிரேக் அடித்து ஒரு சாண் இடைவெளியில் நின்றிருக்கிறது. வெளியில் உச்சி வெயில். உள்ளே, அப்போதுதான் ஊசி பிடுங்கிய கையோடு அண்ணி. கால் மணி நேரம் கழித்துத்தான் கார் கிளம்பியது.

"தம்பி, நான் லாரியிலே எத்தனையோ தடவை நின்னிருக்கேன். அவளை வச்சுக்கிட்டு இப்படி நடுரோட்டுலே நின்னதில்லேப்பா" என்றார். கோபமாகப் பேசியிருந்தால் தேவலை.

என் தப்பு இங்கேதான். நான் கார்புரேட்டர் காலத்து ஆள். சூட்டில் கார் தடுமாறுகிறதென்றால் பெட்ரோல் பற்றவில்லை என்று காது சொல்லும். பெட்ரோல் பிரஷரைப் பார்த்தோம், சரியாக இருந்தது. "மெதுவாக ஓடும் இடத்தில் எட்டு சதவிகிதம் கூட்டிவிடு" என்றேன். பையன் தயங்கினான். மாமா பேச்சைத் தட்டக் கூடாதென்று கூட்டினான். சூட்டில் நின்ற நோய் போயிற்று. ஆனால் விடியற்காலையில், எஞ்சின் சூடேறும்வரை கூடுதலாகப் போகும் பெட்ரோலோடு இதுவும் சேர்ந்து, குழாயில் கரும்புகை. நாலாம் நாள் காலை ஐந்தரை மணிக்கு பிளக்குகள் நான்கும் நனைந்து கரிபிடித்து, கார் ஸ்டார்ட்டே ஆகவில்லை. அன்று சிகிச்சை நாள். வாடகைக்கு ஆள் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் காலை முறை தொடங்கிவிட்டது. இரவு முறைக்குத்தான் இடம் கிடைத்தது. நள்ளிரவு தாண்டி வீங்கிய காலோடு வீடு திரும்பிய அண்ணி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சரி, என்ன நடந்தது என்று பார்ப்போம்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். காலையில் வாளி வாளியாகப் பாலைக் கொண்டுபோய் ஸ்டோரில் ஊற்றுவார்கள். கிராணி வாளியின் அளவை மட்டும் எழுதிக்கொண்டு விட்டுவிடுவாரா? மெட்ரோலக் குழலைப் பாலில் மிதக்கவிட்டு, அதில் உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்று பார்ப்பார். மழைத் தண்ணீர் கலந்த பால் வாளி நிறைய இருக்கும், ரப்பர் குறைவாக இருக்கும். சம்பளம் ரப்பருக்குத்தானே தவிர வாளிக்கு அல்ல!

எஞ்சினும் அப்படியே. சிலிண்டர் ஒரு வாளி. ஒவ்வொரு முறையும் அதே அளவு இடத்தைத்தான் திறக்கிறது. ஆனால் அந்த இடத்துக்குள் எவ்வளவு காற்று, அதாவது எவ்வளவு எடையுள்ள காற்று வந்தது என்பதை வைத்துத்தான் பெட்ரோல் தெளிக்க வேண்டும். பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கு என்பது எடைக் கணக்கு. காற்று சூடானால் விரியும். அதே வாளியில் எடை குறையும். இதைப் பிரெஞ்சுக்காரர் கே லுசாக் 1802லேயே எழுதி வெளியிட்டுவிட்டார். கணக்குப் போடும்போது சாதாரண டிகிரியோடு 273ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும். 30 டிகிரி என்பது 303; 60 டிகிரி என்பது 333. 303ஐ 333ஆல் வகுத்தால் 0.91. ஆக, காற்று முப்பது டிகிரி கூடினால் சிலிண்டருக்குள் வரும் காற்று ஒன்பது சதவிகிதம் குறைகிறது.

பழைய கார்புரேட்டருக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. காற்று சூடானால் கலவை கொஞ்சம் கொழுத்துப் போகும், அவ்வளவுதான். நாமும் பொறுத்துக்கொண்டோம். சில கார்களில் காற்றின் எடையையே நேராக அளக்கும் சென்சர் இருக்கிறது; அவற்றில் இந்தத் தலைவலி குறைவு. ஆனால் பையன் வைத்தது வேறு முறை. எஞ்சின் சுற்று எவ்வளவு, மெனிபோல்டில் காற்றழுத்தம் எவ்வளவு, காற்றின் சூடு எவ்வளவு என்ற மூன்றையும் வைத்துக்கொண்டு, காற்றின் எடையைக் கம்ப்யூட்டர் ஊகிக்கும். 1967இல் போஷ் கம்பெனி வோல்க்ஸ்வாகன் 1600 காருக்குப் பண்ணிக்கொடுத்த டி-ஜெட்ரோனிக் முதற்கொண்டு இந்த வழி இருக்கிறது. ஹோண்டா சிவிக் கார்களிலும் பல ஆண்டுகள் அழுத்தத்தை அளக்கும் முறைதான். நன்றாக வேலை செய்யும் முறைதான் இது. ஆனால் மெட்ரோலக் இல்லாத கிராணியின் நிலை. மூன்று தகவலில் ஒன்று பொய் சொன்னால் கணக்கு முழுதும் பொய்யாகிவிடும்.

இப்போது சூட்டைச் சொல்லும் சென்சரைப் பாருங்கள். அதற்குள் இருப்பது சூடேற ஏற மின்தடை குறைகிற ஒரு சிறு மணி. நாங்கள் போட்ட ஜெனரல் மோட்டார்ஸ் வகைச் சென்சருக்கு 20 டிகிரியில் ஏறக்குறைய 3,500 ஓம், 30இல் 2,200, 40இல் 1,460, 60இல் 670. சந்தேகமிருந்தால் வீட்டிலேயே சோதிக்கலாம். ஐஸ் கட்டி மிதக்கும் தண்ணீரில் முனையை முக்கினால் மீட்டர் 9,400ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். கொதிக்கும் தண்ணீரில் 180ஐ ஒட்டி. (அம்மா தேநீருக்கு வைத்த தண்ணீராக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.) எங்கள் சென்சர் இந்தச் சோதனையில் தேறியது. சென்சர் நல்லது. அது உட்கார்ந்திருந்த இடம்தான் கெட்டது.

அதை அலுமினிய மெனிபோல்டில் துளை போட்டு முடுக்கியிருந்தோம். கார் ஓடும்போது காற்று பட்டுப் பட்டு அது ஓரளவு உண்மை பேசும். எஞ்சினை அணைத்ததும் என்ன ஆகிறது? விசிறி இல்லை, காற்றோட்டம் இல்லை, தண்ணீர் சுற்றவில்லை. எஞ்சின் கட்டையின் சூடு முழுதும் மேலே ஏறி மெனிபோல்டைச் சுட வைக்கிறது. ஒரு கால் மணி, அரை மணி நேரம்தான் இந்தப் புழுக்கம் உச்சத்தில் இருக்கும். அண்ணன் மருந்துக் கடையில் நின்றது சரியாக அந்த நேரம். நாலு மணி நேரம் சிகிச்சை மையத்தின் வாசலில் நின்றால் எல்லாம் ஆறிவிடுகிறது. அதனால்தான் அங்கே ஒருநாளும் தொந்தரவு வரவில்லை. இந்த வித்தியாசத்தை நான் அன்றே கேட்டுப் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

பையன் வேண்டுமென்றே காரை இருபது நிமிடம் வெயிலில் நிறுத்தி, திரும்ப ஸ்டார்ட் செய்து லேப்டாப்பில் பதிவு எடுத்தான். இரவில் டியூன் செய்தபோது 48 டிகிரி காட்டிய சென்சர் இப்போது 88 காட்டியது. 321ஐ 361ஆல் வகுத்துப் பாருங்கள். கம்ப்யூட்டர் பெட்ரோலைப் பதினொரு சதவிகிதம் வெட்டிவிட்டது. புகைக்குழாயில் வைத்த வைட்பேண்ட் மீட்டரோ கலவை 16 என்றது. அதாவது வெட்டியிருக்க வேண்டியது மூன்று சதவிகிதம்தான். சென்சர் நாற்பது டிகிரி ஏறிவிட்டது என்று கூவியது. காற்று உண்மையில் ஏறியது பத்துப் பதினோரு டிகிரி. சென்சர் சொன்னது இரும்பின் சூட்டை, காற்றின் சூட்டையல்ல. எஞ்சின் பட்டினியில் நின்றது.

இதில் நாங்கள் மட்டும் ஏமாந்தவர்கள் இல்லை என்பது ஒரு சின்ன ஆறுதல். 1990 முதல் 1992 வரை வந்த ஷெவ்ரலெட் கமாரோ வி8 கார்களிலும் இந்தச் சென்சர் மெனிபோல்டின் வயிற்றுப்பக்கம், சூடு தேங்கும் இடத்தில்தான் இருந்தது. அதைக் கழற்றிக் காற்றுக் குழாய்க்கு மாற்றுவது அமெரிக்கப் பையன்களின் ஞாயிற்றுக்கிழமை வேலையாக இருந்தது.

நாங்களும் கழற்றினோம். த்ராட்டலுக்கு முன்னால், ரப்பர் குழாயில் பொருத்தினோம். ரப்பரும் பிளாஸ்டிக்கும் சூட்டைக் கடத்தா. முனை மூடிய பித்தளைச் சென்சருக்குப் பதிலாக, மணி வெளியில் தெரியும்படி கூண்டு மட்டும் உள்ள வகையை வாங்கினோம். அது சூடு மாறினால் சீக்கிரம் சொல்லும். வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

பையன் தலையை ஆட்டினான். "மாமா, இப்ப இது வெளியிலே இருக்கிற காற்றைத்தான் சொல்லும். அந்தக் காற்று சூடான மெனிபோல்டுக்குள்ளே போய், வால்வு வாசல்வரை போகிற வழியிலே எவ்வளவு சூடாகுதுன்னு இதுக்கு எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்வி. விளக்குச் சுடரில் விரலை வெடுக்கென்று இழுத்தால் ஒன்றும் ஆகாது. மெல்ல நகர்த்தினால் கொப்புளம்தான். காற்றும் அப்படி. ஒன்றரை லிட்டர் எஞ்சின் 800 சுற்றில் நிமிடத்துக்கு 600 லிட்டர் இடத்தைத் திறக்கிறது. அப்போது மெனிபோல்ட் அழுத்தம் 35 கிலோபாஸ்கல். வெளிக்காற்றில் மூன்றில் ஒரு பங்கு. ஆக உள்ளே போவது ஏறக்குறைய 200 லிட்டர். நெடுஞ்சாலையில் 3,000 சுற்று, 70 கிலோபாஸ்கல் என்றால் 1,500 லிட்டருக்கு மேல். ஏழெட்டு மடங்கு! வேகமாக ஓடும் காற்றுக்கு மெனிபோல்டில் சூடு பிடிக்க நேரமில்லை. ஊர்ந்து போகும் காற்று நன்றாக வெந்துவிடும்.

சிலிண்டர் வாசலில் உள்ள உண்மையான சூட்டை அளக்க வழியில்லை. எனவே இரண்டு சாட்சிகளை வைத்து ஊகிக்கிறார்கள். ஒரு பக்கம் குழாயில் உள்ள காற்றுச் சென்சர். மறு பக்கம் எஞ்சின் தண்ணீரின் சூடு, அது மெனிபோல்டின் சூட்டுக்குப் பிரதிநிதி. உண்மை இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. இரண்டுக்கும் உள்ள இடைவெளியில் எத்தனை பங்கு தண்ணீர்ப் பக்கம் சாய வேண்டும் என்று ஒரு எண் கொடுக்க வேண்டும். காற்று மெல்லப் போகும்போது அந்த எண் பெரிதாகவும், வேகமாகப் போகும்போது சிறிதாகவும் இருக்கும். பௌலிங், கிரிப்போ என்ற இரண்டு அமெரிக்கர்கள் 2001இல் கொண்டுவந்த மெகாஸ்குவர்ட் என்னும் கம்ப்யூட்டர் வகையிலும் இதற்கென்று ஒரு கோடு வரைய இடம் இருக்கிறது. பெரும்பாலான பையன்கள் அதைத் தொடுவதே இல்லை. தொட்டவர்களிலும் பலர் அடுத்தவன் கோட்டை அப்படியே நகல் எடுத்துவிடுகிறார்கள். மெனிபோல்ட் பிளாஸ்டிக்கா, அலுமினியமா, சூடான தண்ணீர் அதன் வழியாக ஓடுகிறதா என்பதைப் பொறுத்து எண் மாறும். நகல் உதவாது.

சரி, அந்த எண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும்.

கம்ப்யூட்டருக்குள் வி.இ. அட்டவணை என்று ஒன்று உண்டு. வாளி எந்த அளவு நிறைகிறது என்று ஒவ்வொரு சுற்றுக்கும் அழுத்தத்துக்கும் சொல்லும் பட்டியல். பெட்ரோல் கணக்கு என்பது அந்த எண்ணைப் பெருக்கி, சூட்டால் வகுப்பது. ஒரே ஒரு வேளையில் மட்டும் சோதித்தால், தப்பு அட்டவணையிலா சூட்டு ஊகத்திலா என்று எந்த மேதையாலும் சொல்ல முடியாது. ஒன்றின் பிழையை மற்றது மூடி மறைத்துவிடும். குளிர்ந்த இரவிலேயே எல்லாவற்றையும் முடித்த பையனுக்கு நடந்ததும் அதுதான்; அட்டவணையில் எட்டு சதவிகிதம் கூட்டச் சொன்ன எனக்கு நடந்ததும் அதுதான். சூட்டின் தப்புக்கு அட்டவணையைத் தண்டித்தேன்.

ஆகவே ஒரே சுற்று, ஒரே அழுத்தம், இரண்டு வேறுபட்ட சூடு வேண்டும். விளக்கு, விசிறி எல்லாம் இரண்டு முறையும் ஒரே மாதிரி. லாம்டா பார்த்துத் தானே திருத்திக்கொள்ளும் வசதியை அணைத்துவிட வேண்டும்; இல்லாவிட்டால் அது தப்பை மறைத்துவிடும். கூட்டின எட்டு சதவிகிதத்தையும் எடுத்துவிட்டோம்.

காலை ஆறு மணி. எஞ்சின் முழுச் சூட்டுக்கு வந்ததும் தண்ணீர் 88, குழாயில் காற்று 25. சாய்வு எண் பூஜ்யம், அதாவது சென்சர் பேச்சை மட்டும் கேட்டு, ஐட்லிங்கில் கலவை 14.7 வரும்படி அட்டவணையைச் சரி செய்தான். மதியம் ஓட்டிவிட்டு, வெயிலில் இருபது நிமிடம் நிறுத்தி மறுபடி ஸ்டார்ட். தண்ணீர் 94, குழாயில் காற்று 50. கலவை 15.1. பழைய 16 போல மோசமில்லை. ஆனாலும் மெலிந்துதான் இருக்கிறது.

ஏன்? சென்சர் 25 டிகிரி ஏறிவிட்டது என்று சொன்னது. ஆனால் சிலிண்டர் வாசலில் உள்ள காற்று காலையிலேயே மெனிபோல்டில் பாதி வெந்துதான் போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் காலையில் 88, மதியம் 94. அந்தப் பக்கம் பெரிய மாற்றமில்லை. எனவே உண்மையான ஏற்றம் சென்சர் சொல்வதைவிடக் குறைவு.

கணக்கு விரும்பாதவர்கள் இந்த ஒரு பத்தியைத் தாண்டிப் போகலாம். சாய்வு 0.4 என்று வைத்துப் பாருங்கள். காலையில் தண்ணீருக்கும் காற்றுக்கும் இடைவெளி 63, அதில் 0.4 பங்கு 25. ஆக வாசலில் 50 டிகிரி, கணக்குக்கு 323. மதியம் இடைவெளி 44, அதில் 0.4 பங்கு ஏறக்குறைய 18. ஆக 68 டிகிரி, கணக்குக்கு 341. இரண்டின் விகிதம் 0.947, ஐந்து சதவிகிதத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பெட்ரோல் குறைக்க வேண்டும். சென்சரை மட்டும் நம்பினால் 298க்கு 323, விகிதம் 0.923, ஏறக்குறைய எட்டு சதவிகிதம் குறைத்துவிடும். 0.947ஐ 0.923ஆல் வகுத்தால் 1.026. அதை 14.7ஆல் பெருக்கினால் 15.1. மீட்டர் சொன்னது அதேதான்! பையன் 0.3 போட்டும் 0.5 போட்டும் பார்த்தான். இரண்டும் மீட்டரோடு அவ்வளவு ஒட்டவில்லை. 0.4ஐ எழுதிக்கொண்டான்.

இதற்குப் பின் ஒரு பள்ளம் இருக்கிறது. நிறையப் பேர் விழுவது அதில்தான். சாய்வை மாற்றியதும் காலைக் காற்று 25 அல்ல, 50 என்று கம்ப்யூட்டர் நம்பத் தொடங்கும். உடனே பெட்ரோலைக் குறைத்துவிடும். 323ஐ 298ஆல் வகுத்தால் 1.08. எனவே ஐட்லிங் பகுதியில் அட்டவணையை எட்டு சதவிகிதத்துக்கு மேல் உயர்த்த வேண்டும். அதைச் செய்யாமல் ஸ்டார்ட் செய்து, "இந்தச் சாய்வு வேலையே வேண்டாம், கார் கெட்டுப்போச்சு" என்று சபிப்பவர்கள் உண்டு. வேடிக்கையைப் பாருங்கள்! நான் குருட்டுத்தனமாகக் கூட்டச் சொன்ன அதே எட்டு சதவிகிதம்தான். ஆனால் அன்று அது நோய். இன்று சூட்டின் ஊகம் சரியான பிறகு அதுவே மருந்து.

நெடுஞ்சாலைக்குச் சாய்வு எவ்வளவு? உண்மையைச் சொன்னால், அங்கே இதை அளப்பது வீண். நம் ஊரில் காலை 24, மதியம் 34. அந்த வேகத்தில் சாய்வு பூஜ்யமானாலும் 0.15 ஆனாலும் கலவையில் வரும் வித்தியாசம் ஒரு சதவிகிதம்கூட இல்லை. மீட்டர் அந்த அளவுக்குத் துல்லியமாகப் பேசாது. பையன் 0.15 வைத்து, டவுன் ஓட்டத்துக்கு 0.3 வைத்து, நடுவில் கோட்டை வளைத்துவிட்டான். உழைப்பெல்லாம் மெதுவாகக் காற்று போகும் இடத்துக்குத்தான் தேவை.

குறுக்கு வழி ஒன்றும் உலாவுகிறது. சென்சரைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த ஒயரில் 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டரைச் சொருகிவிடுவது. கம்ப்யூட்டர் எப்போதும் 30 டிகிரி என்றே நம்பிக்கொண்டிருக்கும். சூட்டில் நிற்கும் தொந்தரவு போய்விடும்தான். ஆனால் தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பாதையை நினைத்துப் பாருங்கள். மேலே போகப் போகக் காற்று 16 டிகிரிக்கு இறங்கும். எஞ்சின் முழுப் பலத்தோடு இழுக்கிற அதே நேரத்தில் கலவை ஐந்து சதவிகிதம் மெலிந்திருக்கும். மெலிந்த கலவையும் முழுப் பாரமும் சேர்ந்தால் பிஸ்டன் தாங்காது. அதோடு, காற்று மிகச் சூடாக இருக்கும்போது எஞ்சின் தட்டாமல் இருக்கப் பொறியைக் கொஞ்சம் தாமதப்படுத்துவதும் இதே சென்சரை வைத்துத்தான். அந்தக் காவலையும் சேர்த்துக் கழற்றி எறிகிறீர்கள். என் பட்டறைக்கு அப்படி வந்த காரை ரெசிஸ்டரைப் பிடுங்காமல் நான் திருப்பி அனுப்புவதில்லை.

அண்ணன் காருக்கு வருவோம். புது பிளக் நான்கு போட்டோம். அதற்கு நான் காசு வாங்கவில்லை. பையன் மூன்று நாள் காலையில் ஒருமுறை, உச்சி வெயிலில் ஒருமுறை என்று ஓட்டிப் பதிவெடுத்தான். சூடான ஸ்டார்ட்டில் கலவை 14.6க்கும் 14.9க்கும் நடுவில் நின்றது. பிறகுதான் சாவியைக் கொடுத்தோம். அன்று நானே அவர்களோடு ஈப்போவுக்குப் போய்ப் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். சிகிச்சை முடிந்து அதே மருந்துக் கடை வாசலில் நிறுத்தச் சொன்னேன். "என்ன தம்பி, பரீட்சையா?" என்றார் அண்ணி. கடிகாரத்தைப் பார்த்து இருபத்தைந்து நிமிடம். எனக்குத்தான் வியர்த்தது. ஒரே சுழற்சியில் பிடித்தது. அதே சந்தியில் பச்சை விழுந்ததும் தடுமாற்றமில்லாமல் கிளம்பியது.

அண்ணி சிரித்துவிட்டு, பையில் இருந்த ரொட்டி பாக்கெட்டை எனக்கு நீட்டினார். அதற்குப் பின் இரண்டு மாதம் ஆகிறது. போன வெள்ளிக்கிழமை அண்ணன் போன் செய்தபோது எனக்கு நெஞ்சு திக்கென்றது. வேறொன்றுமில்லை, ஹார்ன் அடிக்கவில்லையாம்.

அடுத்த இதழில் பிரேக் எண்ணெய்க் கடிதங்கள். தைப்பிங் வாசகி ஒருவர் கேட்ட கேள்விதான் முதலில்.